கரியடுப்பை உள்ளே கொண்டுவந்த நாள்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த அஜின்கோர்ட்டில் ஒரு வீட்டின் பேஸ்மென்ற்றில், நிலக்கீழ் அறையில், நானும் அண்ணையும் வாடகைக்கு இருந்தோம். சொந்தமில்லை, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் அண்ணை. அவருடைய மனைவியும் மகளும் விசாவுக்காகக் கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருந்தார்கள். மகளின் பாதத்தைக் கடதாசியில் வரைந்து அனுப்பச் சொல்லி, அந்த அளவுக்குப் பனிச் சப்பாத்து வாங்கி வைத்திருந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தை மாதக் காலை, பனிப்புயலில் கரண்ட் போனது. ஹீற்றர் நின்றுவிட்டது. மேலே இருந்த வீட்டுக்காரர் மார்க்கம் என்ற பக்கத்து நகரில் இருந்த மகன் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அண்ணை காய்ச்சலோடு நடுங்கிக்கொண்டு படுத்திருந்தார். பின்வளவில் இறைச்சி வாட்டும் கரியடுப்பு ஒன்று கிடந்தது எனக்கு நினைவு வந்தது. அண்ணையிடம் சொன்னேன்.

"உள்ளுக்கை வைக்கலாமோ தம்பி? புகைக்குமே."

"வெளியிலை நல்லாத் தணலாக்கிப்போட்டுக் கொண்டு வாறன் அண்ணை. தணல் புகையாது."

அறை மெல்லச் சூடானது. அவர் கைகளை நீட்டிக் குளிர்காய்ந்தார். மத்தியானம் நான் வேலைக்குக் கிளம்பினேன்.

"கதவை இறுக்கிச் சாத்திப்போட்டுப் போ. காத்து வருது."

இறுக்கிச் சாத்தினேன்.

புயலால் தொழிற்சாலையை நேரத்தோடு மூடிவிட்டார்கள். நான் திரும்பியபோது கரண்ட் வந்திருந்தது. அறையில் விளக்கு எரிந்தது. அண்ணை போர்வையை நெஞ்சுவரை இழுத்துவிட்டபடி கிடந்தார். கூப்பிட்டேன், உலுப்பினேன். எழும்பவில்லை.

தீயணைப்புப் படைக்காரர் ஒருவர் என்னைப் படியில் இருத்தி, ஆறுதலாக விளங்கப்படுத்தினார். எரியும் கரியிலிருந்து ஒரு நச்சு வாயு வரும், அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. யன்னல் திறந்திருந்தாலும் கரியடுப்பை வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்றார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

கொழும்புக்கு நான்தான் போன் எடுத்தேன். மனைவி நெடுநேரம் அழுதார். பிறகு கேட்டார்:

"தம்பி, கடைசி நேரம் நீங்கள் பக்கத்திலை நிண்டனீங்களோ?"

"ஓம் அக்கா."

விசா அலுவல் அதோடு நின்றுபோனது. அவர் மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார். பங்குனியில் அவருக்கு உண்மையை எழுதினேன்: அடுப்பைக் கொண்டுவந்தது நான், கதவைச் சாத்தியது நான், அண்ணை தனியாகத்தான் போனார் என்று. பதில் வரவில்லை. இரண்டாம் கடிதம் எழுத எனக்குத் துணிவும் வரவில்லை.