கடற்கரை ஆட்களோடு கல்லோயாக் காட்டுக்கு

வேன்காரனுக்கு ஆட்களை ஏற்றுவது பெரிய பாடில்லை; ஏறினவர்களை இறக்குவதுதான் பாடு. வேன் ஓட்டிப் பிழைக்கிற சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாததா?

யுத்தம் முடிந்து உள்பக்கப் பாதைகள் திறந்ததும், கல்முனையிலிருந்து கல்லோயாப் பள்ளத்தாக்கு வனப் பூங்காவுக்குப் பயணம் ஓடத் தொடங்கினேன். முன் சீட் எப்போதும் என் மூத்த சகோதரி ராத்தாவுக்கு. சுனாமியில் ஒரே மகளைப் பறிகொடுத்த பிறகு, அவள் தண்ணீர்ப் பக்கம் முகம் திருப்பியதே இல்லை. கடற்கரை வீட்டை விட்டு வயலோரம் குடிவந்துவிட்டாள். பூங்காவின் பெரிய குளத்தில் அவளைப் படகில் ஏற்றியே தீருவது என்று நான் நின்றேன். பிடிவாதத்தில் அவளும் என் உடன்பிறப்புத்தானே, கூட வருவாள், வேனை விட்டு இறங்கமாட்டாள்.

சட்டிக்கு முதலிடம்

எங்கள் ஊரில் பயணம் என்றால் முதலில் ஏறுவது புரியாணிச் சட்டி. மிச்ச இடத்தில்தான் ஆட்கள். பூங்கா வழிகாட்டி சிறிபால, குடியேற்றக் கிராமத்துச் சிங்களவர், சந்தையில் பழகிய தமிழில் எச்சரித்தார்: மூடியைத் திறந்தால் வாசத்துக்கு யானை வரும். அதற்குள் ஹாஜியார் ஒருவர் மரநிழலில் பாய் விரித்து, கூடி உண்ணும் பெரிய சஹன் தட்டைச் சுற்றி ஆட்களை உட்கார்த்திவிட்டார்.

"வந்தா வரட்டும். ஒரு சஹனுக்கு ஆறு பேர். இஞ்ச அஞ்சு பேர்தானே இரிக்கம்."

மானும் தண்ணீரும்

அடுத்த பயணத்தில் காட்டுப் பாதையால் நடந்தோம். அந்த நாளில் குடியேற்றத்துக்குக் காடு வெட்டிய பழைய புல்டோசரைச் சிறிபால காட்டினார். முதன்முதல் குடியேறியவர்களில் அவருடைய தகப்பனும் ஒருவர். யானைக்குப் பயந்து மரத்தில் பரண் கட்டித் தூங்கினாராம். அப்போது பார்த்து மான் கூட்டம் ஒன்று குறுக்கே போனது. எல்லாரும் வாய் பிளந்து நிற்க, வரிப்பத்தான்சேனை விவசாயி ஒருவர் மட்டும் அணைக்கட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். வேனுக்குத் திரும்பியதும், மான் எப்படி என்று ராத்தா அவரிடம் கேட்டாள்.

"மானக் கண்டு என்ன செய்யிற, ராத்தா? இந்தத் தண்ணி வந்தாத்தான் உங்கட ஊட்டுக்குப் பின்னால வயல் விளையும்."

நீர்க்காகம் பறந்தபோது

மூன்றாவது பயணம். கரையில் பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்து பாயைச் சுருட்டும்போது, குளத்து நடுவிலிருந்த தீவிலிருந்து நீர்க்காகங்கள் எல்லாம் ஒன்றாய் எழும்பின. சுனாமி அலை வருமுன் பறவைகள் கரையை விட்டுப் பறந்தன என்பது எங்கள் ஊரில் சின்னப்பிள்ளையும் சொல்லும் கதை. யாரும் யாரையும் கேட்கவில்லை. செருப்பு, பாய், சட்டி எல்லாம் கிடக்க, வேன் ஆட்கள் முழுக்க மேட்டுக்கு ஓடினோம். எல்லாருக்கும் முன்னால் ஓடியவன் நான்.

மேட்டில் நின்று பார்த்தால், ஒரு சின்னப் பெண்பிள்ளை கரையோரத் தண்ணீரில் நிற்கிறாள். தாயிடம் என்று தகப்பனும், தகப்பனிடம் என்று தாயும் நினைத்து ஓடிவிட்டார்கள். அந்தப் பிள்ளையை நோக்கி என் ராத்தா கீழே ஓடிக்கொண்டிருந்தாள். வேனை விட்டு எப்போது இறங்கினாள் என்று தெரியாது. முழங்கால் தண்ணீரில் நின்று பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். சிறிபாலவுக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை; அண்ணன் முறை சொல்லி என்னைக் கேட்டார்.

"நானா, என்னத்துக்கு ஓடினது? அது ஒவ்வொரு நாளும் பின்னேரம் பறக்குற குருவிதானே."

படகு

நான் இறங்கிவந்து, "வா ராத்தா, வேனுக்குப் போவம்" என்றேன். அவள் அசையவில்லை. தண்ணீரையே பார்த்தபடி நின்றாள். அவள் கழுத்தை விடாமல், படகைக் காட்டி அடம்பிடித்தது பிள்ளை. தாயும் சரி என்று தலையாட்டினாள். ராத்தா அழுதுகொண்டேதான் படகில் ஏறினாள். ஏறி உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, என்னைப் பார்த்தாள்.

"கடலோட எனக்குக் கோபம் தீராது, தம்பி. இது வயலுக்குப் போற தண்ணி, இதோட என்ன கோபம்? நீயும் ஏறு."

அவளை ஏற்றியே தீருவேன் என்று மூன்று பயணமாய் ஒற்றைக்காலில் நின்ற நான், குரங்கு சட்டியைத் தூக்கிவிடும் என்று சொல்லிக் கரையிலேயே நின்றுவிட்டேன்.