கொடி செதுக்கிய ஹேண்டில் பார்

செவ்வாய்க்கிழமை காலை பாளையம்பட்டியில் என் இரும்புக் கடையைத் திறந்து, ஆணிப் பெட்டிகளை முன்னால் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஜெயசீலன் சாரின் மனைவி ராணி டீச்சருடைய தம்பி பேசினார். "மாமா தவறிட்டாக. நாளைக்கு மத்தியானம் அடக்கம். உங்களுக்குச் சொல்லிரச் சொல்லி அக்கா சொன்னாக" என்றார். சரி என்று சொல்லி ரிசீவரை வைத்தேன். முதலில் எனக்கு வந்தது நிம்மதி. அழுகை மறுநாள்தான் வந்தது. இதை மறைத்துவிட்டு அஞ்சலி எழுதினால், ஜெயசீலன் சார் அதை ஒரு வரிகூடப் படித்திருக்க மாட்டார்கள்.

அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பாலையில் டிராப்ட்ஸ்மேனாக இருந்தார்கள். இயந்திரத்தில் ஒரு பல்சக்கரம் உடைந்தால், அதை அளந்து வரைந்து புதிதாக வார்க்கக் கொடுப்பது அவர்கள் வேலை. என்னைவிட ஏழு வயது மூத்தவர்கள். ஒல்லியான உடம்பு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. மில்லில் எப்போதோ இயந்திரம் பூட்ட வந்த வெள்ளைக்கார என்ஜினீயர் ஒருவர் விட்டுப்போன பந்தய சைக்கிள், பஞ்சு மூட்டைகளுக்குப் பின்னால் துருவேறிக் கிடந்திருக்கிறது. எழுதிக் கேட்டு அதை வாங்கிக்கொண்டார்கள். ஒரு வருடம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்து வந்து, அதைப் பிரித்துத் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அவர்களைப் பார்த்தபோது அந்தச் சைக்கிளோடுதான் பார்த்தேன். பிரேக் ஒயர் இறுக்கும் சின்னத் திருகாணி ஒன்று கேட்டுக் கடைக்கு வந்தார்கள். நான் கொடுத்த ஆணியைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இதச் செஞ்சவன் சாப்பிட்டுக்கிட்டே செஞ்சிருக்கான்" என்று திருப்பி வைத்துவிட்டுப் போனார்கள்.

எனக்கும் சைக்கிள் பைத்தியம் உண்டு. தைப் பொங்கலையொட்டி அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போய்த் திரும்பும் பந்தயத்தில் நான் வருடந்தோறும் ஓட்டுவேன். அவர்களும் ஓட்டுவார்கள். அப்படித்தான் பழக்கம் வளர்ந்தது. வாரத்தில் இரண்டு நாள் வேலை முடிந்ததும் கட்டங்குடிப் பக்கம் சேர்ந்து மிதித்துவிட்டு வருவோம்.

அந்தச் சைக்கிளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மெல்லிய இரும்புக் குழாய்கள். அவை சேரும் மூட்டுகளை யாரோ அரத்தால் ராவி ராவிக் காகிதக் கனத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கியர் மாற்றும் இரண்டு சின்ன நெம்புகோல்களும் குழாயின் மீது வெள்ளிபோல இருக்கும். பிரேக் ஒயர் வில்லாக வளைந்து எல்லார் கண்ணுக்கும் தெரியப் போகும். ஹேண்டில் பார் அலுமினியம். நடுவில், சைக்கிளின் கழுத்து அதைக் கவ்விப் பிடிக்கும் இடத்துக்கு இருபுறமும், இலையும் சுருளுமாக ஒரு கொடி செதுக்கியிருந்தது. அந்தக் கொடியை அவர்கள் தினமும் துணியால் துடைப்பார்கள். ஒவ்வொரு பாகத்தையும் பென்சிலால் தனித்தனித் தாளில் வரைந்து வைத்திருந்தார்கள். ஒரு தாளில் கோட்டின் தடிமன் மாறிவிட்டது என்று மூன்று வாரம் வரைந்த படத்தை என் கண்முன்னே கிழித்தார்கள். தமக்கும் அவர்கள் சலுகை காட்டியதில்லை.

பிறருக்குக் காட்டியதே இல்லை. அவர்கள் மனைவி ராணி டீச்சர் எம்.ரெட்டியபட்டிப் பள்ளிக்கு தினமும் இரண்டு பஸ் மாறிப் போய்வந்தார்கள். சொந்தச் சம்பளத்தில் ஒரு மொபெட் வாங்க நினைத்தபோது சார் விடவில்லை. அந்த அசிங்கம் இந்த வாசலில் நிற்கக் கூடாது என்றார்களாம். டீச்சருக்கு அப்போது ஏழு மாதம். வெயிலில் பஸ்ஸுக்கு நின்று மயங்கி விழுந்து, அந்தப் பிள்ளை தங்கவில்லை. பஸ்ஸுக்கு நின்றதால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. டீச்சரும் சொல்லவில்லை. மொபெட் பேச்சு அதற்குப் பிறகும் அந்த வீட்டில் எழவில்லை.

எண்பதுகளின் கடைசியில் என் மச்சினர் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். என் பைத்தியம் தெரிந்து, நல்ல பந்தய சைக்கிளுக்கான புதிய பாகங்களைப் பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தார். எல்லாம் கறுப்பு. என் சைக்கிளில் பூட்டினேன். கியர் போட்டால் டக்கென்று தானே பல்லில் போய் உட்காரும். பழையதுபோலத் தடவித் தடவித் தேட வேண்டாம். பிரேக் ஒயர் வெளியே தெரியாமல் ஹேண்டில் பாரைச் சுற்றிய நாடாவுக்குள் ஓடியது. எனக்கு அது அழகாகத்தான் இருந்தது. இருட்டில் தொட்டாலும் இன்ன இடம் என்று கைக்குத் தெரியும் அழகு. கூடுதலாக ஒரு கறுப்பு ஹேண்டில் பாரும் வந்திருந்தது. அதைக் கடைச் சுவரில் மாட்டிவைத்தேன்.

சார் வந்து பார்த்தார்கள். மச்சினர் எழுந்து நாற்காலி போட்டார். நாலைந்து வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். சார் உட்காரவில்லை. பிரேக்கை ஒரு விரலால் தட்டிப் பார்த்தார்கள்.

"எல்லாத்தையும் மூடி வச்சிருக்கான். மூடி வச்சா உள்ள வேலை சுத்தமில்லன்னு அர்த்தம்" என்றார்கள். பிறகு மச்சினர் பக்கம் திரும்பி, நிதானமாகவே கேட்டார்கள்: "கிரேன் ஓட்டுறவரு வாங்குனது கிரேன் மாதிரித்தான இருக்கும்?"

நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மச்சினரும் சிரித்தார். அன்று மாலையே ஊருக்குக் கிளம்புகிறேன் என்றார். இன்னும் பத்து நாள் லீவு இருந்தது. என் மனைவி என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. அவரைக் காப்பாற்ற நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது அவள் கோபம்.

அந்த வருடப் பந்தயம் மூன்று வாரம் கழித்து வந்தது. காலையில் எல்லோரும் வரிசையில் நின்றோம். சட்டையில் நம்பர் துணியைக் குத்துவதற்காக சார் தம் சைக்கிளை என்னிடம் கொடுத்தார்கள். நான் ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொடி என் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் ஒரு சுருள் அதிகமாக இருந்தது. உற்றுப் பார்த்தேன். அது செதுக்கியவன் போட்ட கோடு இல்லை. கொடியின் ஒரு தண்டிலிருந்து பிரிந்து, கழுத்துக்கு அடியில் போயிற்று. மெருகு போடும் மாவு அதற்குள் இறங்கிக் கறுத்திருந்தது. செதுக்கிய இடத்தில் உலோகம் மெலிந்துபோயிருக்கும், விரிசல் அங்கேதான் பிறக்கும் என்பது இரும்பு விற்கிற எனக்குத் தெரியாதது இல்லை.

சார் வந்து கை நீட்டினார்கள். கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

மறந்துவிட்டேன் என்றோ, சரியாகத் தெரியவில்லை என்றோ இப்போது எழுதலாம். மறக்கவில்லை, தெரிந்தது. நடுரோட்டில் அது உடைந்து, அத்தனை பேர் முன்னால் அவர்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்கு மேல் நினைக்கவில்லை.

திருச்சுழியில் திரும்பி, குண்டாற்றுப் பாலம் தாண்டி, சார் முன்னால் போனார்கள். நான் பத்தடி பின்னால். சீட்டிலிருந்து எழுந்து நின்று, ஹேண்டில் பாரை இரு கையாலும் இழுத்து மிதித்தார்கள். குச்சி முறிகிற சத்தம் கேட்டது. பாரின் வலது பாதி அவர்கள் கையோடு போயிற்று. வலது கையை முன்னால் ஊன்றியபடி ரோட்டில் விழுந்து, கருவேலம் புதர்வரை உருண்டார்கள்.

நான் நிறுத்தவில்லை. அவர்களைச் சுற்றி வளைத்து ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். அந்த வருடம் நான்தான் முதலாவது. எவர்சில்வர் குடம் கொடுத்தார்கள். நான் மாலையோடு நின்றுகொண்டிருந்தபோது, கரி மூட்டை ஏற்றிய டிராக்டரில் சாரைக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

வலது மணிக்கட்டு நொறுங்கியிருந்தது. மதுரையில் இரண்டு முறை அறுவை செய்தும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டுமே மடங்கின. பென்சிலைப் பிடிக்கலாம், அழுத்த முடியாது. மில்லில் அவர்களை வரைபட அறையிலிருந்து எடுத்து, கேட்டில் ஆள் வருகை குறிக்கும் இடத்தில் உட்கார வைத்தார்கள். முன்பு அவர்களிடம் ஏச்சு வாங்கிய, இயந்திரம் பூட்டுகிற பிட்டர்களெல்லாம் இப்போது அவர்கள் முன்னால் நின்று, பேர் சரியாக விழுந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். இடது கையால் எழுதிய எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்தாக இருந்தது. அதைத் தாமே சொல்லிச் சிரிப்பார்கள். யாரும் கூடச் சிரிக்க முடியாத சிரிப்பு.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து நேராக என் கடைக்கு வந்தார்கள். வலது கையை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மழை, பஞ்சு, மில்லில் ஆள்குறைப்பு என்று ஏதோ பேசினார்கள். ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போனார்கள். அடுத்த ஞாயிறும் வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறும். நான்கு வருடம் ஒரு ஞாயிறு தவறவில்லை. விழுந்ததைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. அந்தக் கை மட்டும் எனக்கு முன்னால் மேசைமேல் இருக்கும். டீ வந்தால் கிளாஸை நான்தான் இடது பக்கம் நகர்த்தி வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துப் பார்த்தேன். என் வீட்டுக்கு வந்தார்கள்.

தொண்ணூறுகளில் மச்சினர் இன்னொரு செட்டு அனுப்பினார். சார் சொன்னது மறந்துவிட்டதா என்று நான் கேட்கவில்லை. இதில் பிரேக் பிடியிலேயே கியர் இருந்தது. கையை எடுக்க வேண்டாம், ஒரு விரலால் பக்கவாட்டில் தள்ளினால் போதும். பூட்டி முடித்ததும் எனக்குத் தோன்றியது: இரண்டு விரல் மடங்குகிற ஒருவர் ஓட்டக்கூடிய சைக்கிள் இது ஒன்றுதான். அவர்களுடைய பழைய சைக்கிளில் பிரேக்கை இறுக்கவும் முடியாது, குனிந்து கியரைத் தடவவும் முடியாது. நான்கு வருடமாக அது சுவரோரம் நின்றது.

அந்த ஞாயிறு அவர்கள் வந்ததும் சைக்கிளை வெளியே எடுத்து நிறுத்தினேன். "ஓட்டிப் பாருங்க சார்" என்றேன். இரக்கத்தால் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் பழித்ததன்மேல் அவர்களை ஏற்றிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது.

வெகுநேரம் அதையே பார்த்தார்கள். பிறகு ஏறினார்கள். ரெட்டியபட்டிச் சாலையில் கண்ணுக்கு மறைந்துபோனார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. திரும்பி வந்தபோது வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அழுதிருந்தார்களா, வேர்வையா என்று எனக்குத் தெரியாது. சைக்கிளைச் சுவரில் சாய்க்காமல் பிடித்துக்கொண்டே நின்றார்கள்.

"பாக்கிறதுக்கு இப்பவும் அசிங்கந்தான் ராஜவேலு" என்றார்கள். "ஆனா கண்ணுக்குச் செஞ்சதில்ல இது. கைக்குச் செஞ்சிருக்கான். அது எனக்கு அப்பத் தெரியல."

பிறகு, அதே குரலில்: "அன்னைக்கு உன் கட்டைவிரலு அந்த எடத்துல நின்னுச்சு. நான் பாத்தேன்."

"தெரிஞ்சுமா சார் ஏறுனீக?" என்று கேட்டேன்.

"பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே எனக்குத் தெரியும். மாத்துனா உன் கடைச் சுவத்துல தொங்குற கறுப்புதான் கெடைக்கும். அதப் பூட்டி உன் முன்னால வந்து நிக்க மனசு வரல. ஒரு பந்தயம் தாங்கும்னு நெனச்சேன். நீ சொன்னா எறங்கிரலாம்னும் நெனச்சேன். அதுக்குத்தான் உன் கையில குடுத்தேன்."

"வாராவாரம் வந்தது?"

"நீ எப்பச் சொல்லுவன்னு பாக்க."

அப்போதுதான் சொன்னேன். பார்த்தேன், வேண்டுமென்றே சொல்லவில்லை, விழுந்ததும் நிறுத்தவில்லை, எல்லாம் சொன்னேன். நான்கு வருடம் சொல்லாமல் வைத்திருந்தது இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவர்கள் தலையசைத்துக் கேட்டார்கள். சைக்கிளை என் கையில் கொடுத்தார்கள். வாரேன் என்று சொல்லிவிட்டு நடந்து போனார்கள்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை. கடைத்தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். அவர்கள் வந்த நான்கு வருடத்தைவிட வராத மூன்று வருடம் எனக்குக் கடுமையாக இருந்தது. மஞ்சள்காமாலை முற்றிப் படுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வீட்டுக்குப் போனேன். உள் அறையிலிருந்து அவர்கள் குரல் கேட்டது. ராணி டீச்சர் வெளியே வந்து, தூங்குகிறார்கள் என்றார்கள். எனக்குக் குரல் கேட்டது டீச்சருக்கும் தெரியும். ஆரஞ்சுப் பழத்தை டீச்சர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். பத்து நாளில் போன் வந்துவிட்டது.

புதன்கிழமை நான் போனபோது பெட்டி நடுவீட்டில் இருந்தது. சாருக்கு வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள். வலது கையை இடது கைக்கு அடியில் மறைத்து வைத்திருந்தார்கள். பெட்டியின் இரு பக்கமும் தங்க முலாம் பூசிய பிளாஸ்டிக் கைப்பிடிகள். அதில் ரோஜாப்பூ, அதற்கு மேல் ஒரு தேவதை, ஓரத்தில் அச்சின் பிசிறுகூட வெட்டாமல் இருந்தது. உடனே பாளையம்பட்டிக்கு ஓடி, கடையிலிருந்து அலங்காரமில்லாத இரும்புக் கைப்பிடி நான்கும் ஒரு திருப்புளியும் எடுத்துக்கொண்டு வந்தேன். பாதிரியார் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று பெட்டி அருகே முழங்காலிட்டு முதல் திருகைத் தளர்த்தினேன்.

"என்ன செய்றீக?" என்றார்கள் ராணி டீச்சர். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணில் ஈரமில்லை.

"இது சாருக்கு ஆகாது டீச்சர். மாத்திர்றேன்."

"ரெண்டு கடை ஏறி எறங்கி நாந்தான் பாத்து எடுத்தேன்" என்றார்கள். குரலை உயர்த்தவில்லை. "இருக்கட்டும்."

தளர்த்திய திருகைத் திரும்ப இறுக்கினேன். இரும்புப் பிடிகள் இருந்த பையை வாசலில் வைத்துவிட்டு வந்து, மற்ற மூவரோடு பெட்டியைத் தூக்கினேன். அந்தப் பிடி கைக்கு வழுவழுவென்று, வெகு இலகுவாக இருந்தது. உச்சி வெயிலில் கல்லறைத் தோட்டம்வரை அது மின்னிக்கொண்டே வந்தது. குழிக்குள் இறக்கி, முதல் கரிசல் கட்டிகள் மேலே விழுந்த பிறகும், ஒரு பக்கத்துத் தேவதை மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. நானும் ஒரு பிடி மண்ணை அள்ளி, அதைப் பார்த்துப் போட்டேன்.

போய் வாருங்கள், சார். இன்னும் கொஞ்சம் சீக்கிரம் நான் சொல்லியிருக்கலாம். நீங்களும் கேட்டிருக்கலாம்.