நோர்பரியிலிருந்து வால்தம்ஸ்டோவுக்கு: முட்டை இல்லாத பேய்ச் சாப்பாடு

முதலில் அன்று யார் யார் இருந்தார்கள் என்று எழுதிவிடுகிறேன். பிறகு ஒருவரும் நான் அங்கே இல்லை, நான் பார்க்கவில்லை என்று சொல்லக் கூடாது. என் மகள் சுகந்தி. அவள் கணவன் ரகு. பதினொரு வயதுப் பேத்தி அபி. என் கணவரின் தங்கை பரமேஸ்வரி, எனக்கு மச்சாள். சுகந்தியோடு ஒரே ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற கவிதா, மதுரைப் பிள்ளை. ஆறாவது ஆள் நான்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். செய்தியில் பிழை இருக்காது.

பூசணிக்காயில் முகம் வெட்டிப் பேய் வேடம் போடுகிற ஹலோவீன் இந்த முறை வெள்ளிக்கிழமை வந்தது. அதற்கு முந்தின செவ்வாய் மாலை ஏழு நாற்பதுக்கு சுகந்தி போன் எடுத்தாள். "அம்மா, வெள்ளிக்கிழமை வந்து பேய்ச் சாப்பாடு செய்து தாங்கோவன். அபி ஆசைப்படுறாள்." எனக்கு உடனே சந்தேகம். ஏனென்றால் ஆகஸ்ட் மாதத்திலிருந்து லண்டன் நோர்பரியில் என் வீட்டுக் காஸ் அடுப்பைப் பூட்டி வைத்திருப்பவளே இவள்தான். அடுப்பைப் பூட்டுகிறவள் எதற்காகச் சமைக்கக் கூப்பிடுகிறாள்?

ஆகஸ்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். இரண்டாவது வெள்ளி, ஆடி வெள்ளி. காலையில் பருப்பு அவித்து வைத்துவிட்டு வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போனேன். அப்போது பரமேஸ்வரி தன் வீட்டில் திருத்த வேலை நடக்கிறதென்று என்னோடு மூன்று வாரம் தங்கியிருந்தா. இரண்டரைக்குத் திரும்பி வந்தால் வீடெல்லாம் புகை மணம். பக்கத்தில் குரொய்டனில் வேலை செய்கிற ரகுவைப் பரமேஸ்வரி கூப்பிட்டிருந்தா. அவன் வந்து சட்டியைக் குப்பையில் போட்டு, சுவரெல்லாம் துடைத்துவிட்டு நின்றான். "நான் கடைக்குப் போயிட்டு வந்து பாத்தா ஒரே புகை. மச்சாள் அடுப்பை நூர்க்க மறந்துபோனா" என்று பரமேஸ்வரி சுகந்திக்குச் சொன்னா. அடுப்பை அணைத்தது எனக்கு நினைவு இருந்தது. குமிழ் திரும்பிய சத்தம்கூட நினைவு இருந்தது. ஆனால் எல்லோரும் ஒன்றாகச் சொன்னால், ஆள் தன் காதையே நம்புவதில்லை.

அடுத்த நாள் ரகு காஸ் வால்வைப் பூட்டினான். சாவியைச் சுகந்தி கொண்டு போனாள். அதோடு இன்னொரு பேச்சும் தொடங்கியது: வால்தம்ஸ்டோவில் அவர்கள் வீட்டுச் சின்ன அறை சும்மாதானே கிடக்கிறது, நோர்பரி வீட்டை வாடகைக்குத் தந்த கவுன்சிலிடம் திருப்பிக் கொடுத்தால் என்ன? கொடுத்தால் திரும்பக் கிடைக்காது. அந்த வீட்டுச் சாவி இருபத்திரண்டு வருடமாக என் இடுப்பில் இருக்கிறது.

இனிப் பயணம். நோர்பரியில் காலை ஒன்பது மணிக்கு முதலில் தமிழ்க் கடைக்குப் போனேன். வெள்ளை அரிசி மா ஒரு கிலோ, உறைந்த மரவள்ளிக்கிழங்கு இரண்டு பைக்கற், வறுத்த பயறு அரைக் கிலோ. கடைக்காரத் தம்பி, "என்ன அம்மா, மா வாங்கிக் கனகாலம். சுகமில்லையோ?" என்றான். "நான் சுகம். உமக்கு ஆர் சொன்னது சுகமில்லை எண்டு?" என்று கேட்டேன். ஒருவரும் சொல்லவில்லையாம். நம்பவில்லை.

முதியோர் பாஸ் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். வார நாட்களில் ஒன்பதரைக்கு முன் ரயிலில் அது செல்லாது. நான் பத்து மணி கழிந்து ஏறினேன். நோர்பரியிலிருந்து விக்டோரியாவுக்கு இருபத்து மூன்று நிமிடம். அங்கே நிலத்தடி ரயிலுக்கு மாறினால் வால்தம்ஸ்டோ இருபத்தைந்து நிமிடம். கடைசி நிலையம், கண் அயர்ந்தாலும் தவறாது. நான் அயரவில்லை. மடியில் இடியப்ப உரல் இருந்தது. எதிரில் ஒரு இளைஞன் முகத்தில் ரத்தம் வழிய உட்கார்ந்திருந்தான். பூச்சு என்று தெரிந்தும் இரண்டு நிலையம் வரை அவனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நிலையத்திலிருந்து சந்தைத் தெரு மூன்று நிமிட நடை. பீட்ரூட் ஒரு கிண்ணம் ஒரு பவுண் ஐம்பது. பூசணிக்காய்க்காரர், "முகம் வெட்டவா, சாப்பிடவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். இரண்டுக்கும் என்றேன். தலையாட்டி, பெரியதைத் தொடவிடாமல் சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்துத் தந்தார். மட்டமானதைத் தள்ளிவிடுகிறார் என்று நினைத்தேன். பிறகு தெரிந்தது, முகம் வெட்டுகிற பெரிய பூசணி வெறும் தண்ணீர். அந்த மனிதர் நல்லவர். மூன்று பவுண்.

அங்கிருந்து சுகந்தி வீடு பதினான்கு நிமிட நடை. கதவைத் திறந்தது சுகந்தி இல்லை. கறுத்த கூம்புத் தொப்பியும் கறுத்த அங்கியுமாக ஒரு சூனியக்காரி. "வாங்கம்மா, நான் கவிதா. சுகந்தி வர்ற வரைக்கும் உங்களுக்குத் துணையா இருக்கச் சொன்னா" என்றாள். பகல் பன்னிரண்டு மணிக்கு எந்த மனுசி தொப்பி போட்டுக்கொண்டு துணைக்கு வருவாள்?

நான் சமைக்கத் தொடங்கினேன். பன்னிரண்டு வாரம் கழித்து நெருப்பைக் காண்கிறேன். பீட்ரூட் அவித்த தண்ணீரில் மா குழைத்து இடியப்பம் பிழிந்தேன். ரோசா நிறத்தில் சுருண்டு சுருண்டு விழுந்ததைக் குவித்தால் மூளை. மல்லிக்கீரை அரைத்துவிட்ட பச்சைச் சொதி, தேங்காய்ப்பால் குழம்பு, அதற்கு மேலே ஊற்ற. மரவள்ளியை விரல் விரலாக வெட்டி அவித்து, நுனியில் பாதாம் பருப்பை நகமாகக் குத்தி, காய்ந்த செத்தல் மிளகாய் இடித்த சிவப்புச் சம்பலில் படுக்க வைத்தேன். கண்ணுக்குக் கொழுக்கட்டை. உள்ளே பயறும் துருவிய தேங்காய்ப் பூவும் சர்க்கரையும், மேலே ஒரு கறுத்த முந்திரிகை வற்றல், உலர்ந்த திராட்சை. வெந்த பிறகு பல்லுக்குச்சியைப் பீட்ரூட் சாற்றில் தோய்த்துச் சிவப்பு நரம்பு கீறினேன்.

கவிதா ஒரு வேலையும் செய்யவில்லை. ஒரு கதிரையில் உட்கார்ந்து என் கையையே பார்த்தாள். "இன்னைக்கு என்ன கிழமைங்கம்மா?" என்றாள். வெள்ளி என்றேன். "ஒரு இஞ்சி டீ போட்டுத் தர்றீங்களா?" என்றாள். மரவள்ளி சாப்பிடுகிற நாளில் இஞ்சி வயிற்றுக்குள் போகக் கூடாது, வெறும் தேநீர் தருகிறேன் என்றேன். நான் அடுப்பை நூர்க்கும் ஒவ்வொரு முறையும் தொப்பி சற்றே ஆடியது.

பிறகு, "ஒரு ஹலோவீன் விளையாட்டும்மா. மூணு வார்த்தை சொல்றேன், கொஞ்ச நேரம் கழிச்சுக் கேப்பேன். வௌவால், விளக்குமாறு, பூனை" என்றாள்.

அப்போது என் கை நின்றது. ஒன்பது வருடத்துக்கு முன் இதே விளையாட்டை மறதி நோய் பார்க்கிற ஒரு டொக்டர் என் கணவரோடு விளையாடினார். அவருக்குக் கொடுத்தவை கப்பல், மணி, தோடம்பழம். ஆரஞ்சுக்கு நாங்கள் தோடம்பழம் என்போம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது அவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்குத் தெரியும், சொல்லக் கூடாது என்றார்கள். சுகந்தியும் பக்கத்தில் இருந்தாள்.

ஆக, இது விருந்தில்லை, சோதனை. நான் பூசணிக் கறிக்குத் தாளித்தேன். நாலு மணிக்குச் சுகந்தி உள்ளே வந்து பையை வைக்கிற நேரம் பார்த்துத்தான் கவிதா கேட்டாள்.

"வௌவால், விளக்குமாறு, பூனை" என்றேன். "இன்னும் மூண்டு சொல்லட்டோ? கப்பல், மணி, தோடம்பழம்."

கவிதாவுக்கு விளங்கவில்லை. சுகந்திக்கு விளங்கியது. வைத்த பையைத் திரும்பக் கையில் எடுத்தாள்.

"உம்மடை வேலையே ஆக்களை இப்பிடிப் பாக்கிறதோ?" என்று கவிதாவிடம் கேட்டேன்.

"ஆமாம்மா. வயசானவங்க தனியா சமைக்க முடியுமான்னு பாக்கறதுதான் என் வேலை. தப்பா நினைக்காதீங்க. இவ ரொம்பப் பயந்துபோயிருந்தா."

"பிள்ளை, நீர் கேட்டுட்டுப் பாத்திருக்கலாம். நான் அடுப்படியில ஆரையும் ஒளிஞ்சு நிண்டு பாக்கிறேல்லை."

ஆறரைக்குச் சாப்பிட உட்கார்ந்தோம். கதவில் சின்னப் பேய்கள் வந்து வந்து இனிப்பு வாங்கிப் போயின. அபி பேய் வேடத்துக்குப் போர்த்திய படுக்கை விரிப்புக்குள் இருந்து மூளையை இரண்டு முறை வாங்கினாள். ரகு எலும்புக்கூடு வரைந்த சட்டையோடு விரல்களைக் கடித்தான். பரமேஸ்வரி வேடம் போடவில்லை, வழக்கமான சேலையோடு வந்திருந்தா. ஒரு கண்ணை எடுத்துத் திருப்பிப் பார்த்தா.

"மச்சாள், முட்டையை அவிச்சு வெட்டி வைச்சிருந்தா உண்மைக் கண் மாதிரியே இருந்திருக்கும். லேசான வேலை."

"இண்டைக்கு வெள்ளி. நான் வெள்ளியில முட்டை தொடுறேல்லை. கலியாணம் கட்டின நாளிலை இருந்து நாப்பத்தாறு வருஷம்."

ரகு அதிகம் பேசாதவன். அன்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். "அண்டைக்கும் வெள்ளியெல்லோ, மாமி?"

"எண்டைக்கு?" என்றேன்.

"புகை வந்த அண்டைக்கு. உங்கடை சீலிங்கில இருந்து நான் சுரண்டினது முட்டை. தண்ணி வத்தி வெடிச்சு, முட்டைக் கோதெல்லாம் மேலை ஒட்டிக்கிடந்தது."

"என்ரை பருப்புச் சட்டி எங்கை?" என்று கேட்டேன்.

"அது பக்கத்தில மூடினபடி இருந்தது. நான்தான் சட்டியோடை கொண்டு போய்ச் சாப்பிட்டன். பசி." பிறகு, "நீங்க வெள்ளியில முட்டை அவிக்கிறேல்லை எண்டு எனக்குத் தெரியாது மாமி. எங்கடை வீட்டில வெள்ளி, சனி பாக்கிறேல்லை" என்றான்.

சுகந்தி பரமேஸ்வரியிடம் மெல்லத் திரும்பினாள். "மாமி, அண்டைக்கு வீட்டில நீங்க மட்டும்தானே இருந்தீங்க?"

பரமேஸ்வரி கண்ணைத் தட்டில் வைத்தா. "எனக்கு ஞாபகமில்லைப் பிள்ளை. வயது போச்சுதெல்லோ."

நான் கவிதாவைப் பார்த்தேன். "பிள்ளை, அந்த விளையாட்டை இவவோடையும் ஒருக்கா விளையாடும்."

அபி விரிப்புக்குள் சிரித்தாள். வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. பரமேஸ்வரி மட்டும் மூன்றாவது கொழுக்கட்டையைச் சாப்பிட்டு முடித்தா.

அடுத்த நாள் சனி, ரகு என்னைக் காரில் கொண்டு போனான். ஒரு மணி இருபத்தைந்து நிமிடம். ரயில்தான் வேகம். சுகந்தியும் வந்தாள், சாவியை அவளே கொடுத்தாள். ரகு வால்வைத் திறந்தான், நான் குமிழைத் திருப்பினேன், நீல நெருப்பு வட்டமாக எழுந்தது. சின்ன அறையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. முதலில் பருப்பு அவித்தேன். ரகு இரண்டு தட்டுச் சாப்பிட்டான்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில சொற்கள். சந்தைக்குப் பன்னிரண்டுக்கு முன் போங்கள், பிறகு பீட்ரூட் வாடியதுதான் மிஞ்சும். கறிக்குப் பெரிய பூசணி வாங்காதீர்கள். பீட்ரூட் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க மாவில் ஊற்றுங்கள், ஆறினால் இடியப்பம் அறுந்து விழும். நரம்பைக் கொழுக்கட்டை வெந்த பிறகே கீறுங்கள், முதலில் கீறினால் கலங்கிக் கண்நோய்க் கண் ஆகிவிடும். ஆறு பேருக்கு முப்பது கண் போதும். உரலை நீங்களே கொண்டு போங்கள். அங்கே இருக்கிறது என்பார்கள், அச்சு இருக்காது. உங்கள் வீட்டில் எது கருகினாலும், சட்டியை உங்கள் கண்ணால் பாராமல் குப்பைக்கு விடாதீர்கள்.

ரகுவை மன்னித்துவிட்டேன், அவன் கண்டதைக் கண்டபடி சொன்னான். கவிதாவையும் மன்னித்தேன், அது அவள் தொழில், அதோடு கொழுக்கட்டைக்கு முறை கேட்டு எழுதிக்கொண்டு போனாள். சுகந்தியை மன்னிக்க மூன்று நாள் பிடித்தது. தகப்பனைப் போல நானும் ஆகிவிடுவேனோ என்ற பயம் அவளுக்கு.

அடுப்பில் முட்டையை மறப்பது குற்றமில்லை. யாரும் மறக்கலாம். ஆனால் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை சோற்றுப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்து, என் கையைத் தடவி, "பரவாயில்லை மச்சாள், வயது" என்று சொல்லிவிட்டுப் போன ஒருவர் இருக்கிறா. அந்தப் பன்னிரண்டு வாரமும் நான் ஒவ்வொரு காலையும் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று கப்பல், மணி, தோடம்பழம் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். அதன் பிறகுதான் பல் விளக்கினேன். அந்தக் காலைகளுக்கு மன்னிப்பு இல்லை. அவ பெயர் பரமேஸ்வரி.