பன்னிரண்டு நொடி ரத்தம்

இது கட்டிவிட்ட கதை இல்லை. அந்த எடிட்டிங் அறையில் இருந்த இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொன்னது.

அக்கா எடிட்டர். தம்பி இயக்குநர். விண்கலத்தில் மாட்டிக்கொண்ட ஆறு பேரைப் பற்றிய படம். அவர்களில் ஒருவர் மனிதரில்லை. யாரென்று தெரியாது.

பதினாலு நாளாக ஒரே சண்டை. வயிறு கிழியும் காட்சியைத் தம்பி நாற்பது நொடி வைப்பான். அக்கா நாலு நொடியாக வெட்டுவாள்.

“ரத்தத்தைப் பார்த்தா படம் பாக்குறவன் முகத்தைச் சுளிச்சுட்டுப் போயிடுவான்டா. பக்கத்துல இருக்கவன் மேல சந்தேகம் வந்தாதான் நடுங்குவான்.”

“ஒண்ணுமே காட்டாம எவ்வளவு நேரம்க்கா உக்கார வைக்கிறது?”

ஒருவழியாகப் பன்னிரண்டு நொடிக்கு ஒப்புக்கொண்டார்கள்.

மறுநாள் காலை 10.15. காட்சி நாலு நொடிதான் இருந்தது.

“ஒத்துக்கிட்டு முதுகுக்குப் பின்னால வெட்டுறியா?”

“நான் தொடவே இல்லடா!”

அக்காவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. இவனே வெட்டிவிட்டு நாடகம் ஆடுகிறானா? மறுபடி பன்னிரண்டாக்கினாள். அறையைப் பூட்டி, அவனையும் டீ குடிக்க இழுத்துப்போனாள்.

10.50. திரும்பினார்கள்.

இரண்டு நொடி.

“கையை மடியில வைடா. நானும் வைக்கிறேன்.”

11.20. வெளியே பட்டப்பகல். உள்ளே ஏசி சத்தம் மட்டும்...

டிக்.

மவுஸை யாரும் தொடவில்லை.

டிக்... டிக்...

திரையில் ரத்தம் முழுக்கப் போய்விட்டது. மிஞ்சியவை ஆறு முகங்கள். வெவ்வேறு நாளில் எடுத்து, வேண்டாமென்று ஒதுக்கிய ஷாட்கள். ஆறு பேரும் கேமராவுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தைப் பார்த்தார்கள்.

பயந்துபோய்...

அக்கா ப்ளக்கைப் பிடுங்கினாள்.

கேப்டனாக நடித்த பெண்ணுக்குத் தம்பி போன் போட்டான். ஸ்பீக்கரில்.

“ஷூட்டிங்ல கேமரா பக்கத்துல யாரைம்மா பயந்து பார்த்தே?”

“உங்க அக்காவைத்தான் சார். தினமும் கேமரா பக்கத்துல நிப்பாங்களே, வாயெல்லாம் ரத்தத்தோட... நாங்க பயப்படணும்னு நீங்கதான் நிக்க வெச்சீங்கன்னு நினைச்சோம். அப்புறம் டப்பிங்ல பார்த்து வணக்கம் சொன்னேன். தெரியாத மாதிரி போயிட்டாங்க.”

மற்ற ஐந்து பேரையும் தனித்தனியாகக் கேட்டார்கள். அதே பதில்.

படப்பிடிப்பு நடந்த இருபத்திரண்டு நாளும் அக்கா கால் முறிந்து மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தாள். தினமும் வேலை முடிந்து போய்ப் பார்த்தவன் தம்பிதான்.

ஆனாலும், அன்றிலிருந்து அவளோடு ஓர் அறையில் தனியாக உட்கார அவன் சம்மதிக்கவில்லை.