கரி என்று நினைத்தேன்

ஓக்லி துரையைப் பற்றி எங்கள் ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். என் கதையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஹெப்ரோனுக்குக் கீழே, பழைய ஊர் புதைந்து கிடக்கும் எங்கள் மேட்டைப் பதினோரு குளிர்காலம் தோண்டினார். ஆலிவ் பறிப்பு முடிந்ததும் வந்துவிடுவார். அவருக்கு முன் வந்தவர்கள் தங்கமும் சிலையும் தேடினார்கள். உடைந்த சட்டியைத் தலையில் தூக்கி வைத்து ஆடிய முதல் ஆள் இவர்தான். ஓட்டின் விளிம்பைத் தடவியே எந்த ராஜா காலம் என்று சொல்லிவிடுவார். "வேதத்துல உள்ள ஊரைத் தேடுறேன்னு வந்து நம்ம குப்பையைக் கிளறுறாரே!" என்று ஆண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எனக்கும் என் ஓரகத்தி ஹில்வாவுக்கும் ஓடு கழுவும் வேலை. "முதல்ல தண்ணில முக்கு. வெயில்ல காட்டிப் பாரு. அப்புறம்தான் தேய்" என்பார் துரை, எங்கள் பேச்சை உடைத்து உடைத்து.

சட்டியில் கரி இருந்தால் எங்கள் ஊரில் பெண்ணைக் காறித் துப்புவார்கள். என் சட்டி பளபளப்புக்குப் பேர்போனது. அந்தத் திமிர் எனக்கு. ஒருநாள் ஒரு ஓட்டில் கறுப்பாக ஏதோ படிந்திருந்தது. வெயிலில் காட்டவில்லை. சாம்பல் போட்டுத் தேய்த்தேன். முக்கால்வாசி போன பிறகுதான் கவனித்தேன், கறுப்பு வரிசை வரிசையாக இருந்தது. அது மையால் எழுதிய எழுத்து.

ஹில்வா தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். ஓட்டை அவள் கூடையில் போட்டேன்.

மாலையில் துரை அதைக் கையில் எடுத்தார். இரண்டே எழுத்து மிச்சம். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். மேஸ்திரிதான் கத்தினான்: "யாரு கூடைடி இது?"

"என் கூடைதான். ஆனா நான் தேய்க்கல" என்றாள் ஹில்வா. என்னைப் பார்த்தாள். நான் குனிந்து அடுத்த ஓட்டைக் கழுவினேன். அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

அடுத்த வருஷம் புதுப் பெண்களை என் முன்னால் உட்கார வைத்தார் துரை. "இவகிட்ட கத்துக்கோங்க. இவ கை தப்புப் பண்ணாது." வெட்கக்கேடு, ஏழு வருஷம் கற்றுக்கொடுத்தேன். இந்த வருஷம் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வருஷமும் நினைத்தேன்.

துரை காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். மேட்டடியில் அடக்கம் செய்த அன்று ஊரே சேர்ந்து கோதுமைக் குறுணையும் ஆட்டுக்கறியும் ஆக்கியது. ஹில்வா பெரிய சட்டியைத் தேய்க்க உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கை நீட்டினேன்.

"கடைசி வரைக்கும் அவருகிட்ட சொல்லலல்ல?" என்றாள், தலை நிமிராமல்.

"இல்ல."

"அப்ப இதைத் தொடாதீங்கக்கா. நீங்க தேய்ச்சது போதும்."

சுற்றிலும் பத்துப் பெண்கள் இருந்தார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். எழுந்து வந்துவிட்டேன்.