அக்கா கழுவ மறுத்த கை

அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், இந்நினைவு மலரை அன்போடு கையில் வாங்கும் உறவினர்களுக்கும் அக்காவுடன் பணியாற்றிய ஆசிரியைகளுக்கும் வணக்கம். இக்கட்டுரையை மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். அச்சகத்தார் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். "நல்லதா நாலு வரி எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாரு" என்கிறார் மாமா. எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. நல்லதை மட்டும் எழுதினால் அது அக்காவைப் பற்றியதாக இராது.

அக்கா ஊத்தங்கரைப் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமத்தில் பிறந்தார். அப்பா இறந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு நான்கு. மாமா வீட்டில் தங்கிப் படித்து, பர்கூருக்கு அப்பால் ஒரு பள்ளியில் ஆசிரியையானார். அந்த ஊருக்கே குடிவந்து, அவர் சம்பளத்தில்தான் அம்மாவும் நானும் சாப்பிட்டோம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பிள்ளைகளை அதட்டுவார். பொய் மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது.

நாட்டின் முதல் பொதுத்தேர்தலில், பெண்கள் வரிசைக்கு விரலில் மை வைக்கும் பொறுப்பு அக்காவுக்கு வந்தது. அவருடைய பள்ளிக்கூடமே ஓட்டுச் சாவடி. கூலி வேலைக்குப் போகவேண்டுமே என்று சேரிப் பெண்கள் முன்னதாகவே வந்து நின்றுவிட்டார்கள். முதல் ஆள் முனியம்மாள். நாலு முழம் தள்ளி எங்கள் தெருப் பெண்கள். சாவடி அதிகாரி நல்லவர்தான், ஆனால் பயந்தவர்.

"மைக்குச்சிய அவங்க கையிலயே குடுத்துடுங்கம்மா, அவங்களே வெச்சுக்கட்டும். வம்பு எதுக்கு?"

"எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் சார்" என்றார் அக்கா. முனியம்மாள் கையைப் பின்னுக்கு இழுத்தார். அக்கா எட்டி அந்த விரலைப் பிடித்து மை வைத்தார். பின்னால் நின்ற சேரிப் பெண்கள் எல்லோருக்கும் அப்படியே.

எங்கள் தெருவில் முதலில் நின்றது அம்மா.

"அவளுங்களத் தொட்ட கையால என்னத் தொடாத. ஊரே பாக்குது, கையக் கழுவிட்டு வாடி."

"கழுவ மாட்டேம்மா. வெரலக் காட்டு."

அம்மா முந்தானையை உதறிக்கொண்டு திரும்பி நடந்தார். தெருவே பின்னால் நடந்தது. நானும் நடந்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது, அதுதான் முதல் ஓட்டு. அக்கா என்னைக் கூப்பிடவில்லை, பார்த்தார். அவ்வளவுதான்.

ஐந்தாண்டுகள் அக்கா கையால் அம்மா ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. அக்காவைப் பெண் கேட்டு வந்த ஓர் இடமும் இதனாலேயே நின்றுபோயிற்று.

இரண்டாவது தேர்தலின்போது அக்கா காசநோயோடு படுத்திருந்தார். அப்போது கஞ்சி ஊட்டியது அம்மாதான், அதையும் சொல்ல வேண்டும். "போய் ஓட்டுப் போட்டுட்டு வா. முனியம்மாவுக்கு வெரலப் புடிச்சு வெக்கிறாங்களான்னு பாத்துட்டு வந்து சொல்லு" என்று அக்கா என்னை அனுப்பினார்.

எனக்கு முன்னால் முனியம்மாள் நின்றார். மேசையில் இருந்தவர் மைக்குச்சியைத் தள்ளி வைத்து, "நீயே வெச்சுக்க" என்றார். முனியம்மாள் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு வாயில் கொழுக்கட்டை. அவரே மையை வைத்துக்கொண்டு போனார். அடுத்து என் விரலை அந்த மனிதர் பிடித்துத்தான் வைத்தார்.

"புடிச்சாங்களா?"

"புடிச்சாங்கக்கா."

அக்கா நம்பவில்லை. மறுநாள் தம்மைப் பார்க்க வந்து வாசலிலேயே நின்ற முனியம்மாளை உள்ளே அழைத்துக் கேட்டார். முனியம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "புடிச்சாங்க டீச்சரம்மா, நீங்க வெச்ச மாதிரியேதான்" என்றார். அக்கா சிரித்தார். அந்த வாரமே போய்விட்டார்.

வைத்தியம் பார்த்த மருத்துவருக்கும், நோய்க்கு அஞ்சாமல் வந்து உட்கார்ந்த ஆசிரியைகளுக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய மாமாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. முனியம்மாளுக்கு நன்றி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, மன்னிப்புத்தான் கேட்க வேண்டும். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே இம்மலரின் முதல் பிரதியோடு அவர் வீட்டுக்குப் போகிறேன். கூப்பிடு தூரம், இதுவரை போனதில்லை. இதை அவர் முன்னால் உரக்கப் படித்துவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொள்வேன், அவர் சம்மதித்தால்.

அம்மா, திரும்பி வந்ததும் கையைக் கழுவச் சொல்லாதே. கழுவ மாட்டேன்.

— தங்கை