மாமனுக்கும் திறக்காத கேட்டு

சுங்கச்சாவடியில் கந்தப்பனுக்கு எவ்வளவு அதிகாரம் என்று அவன் ஊரில் கேட்டால், கலெக்டருக்கு அடுத்தபடி அவன்தான் என்பார்கள். அவனும் மறுக்கமாட்டான். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து, "நம்ம கேட்டுதானுங்க மாமா, எப்ப வேணாலும் வாங்க" என்று அளந்துவிட்டவன்தானே!

உள்ளதைச் சொன்னால், கேட்டைத் தூக்கும் பொத்தான்கூட சூப்பர்வைசர் நிமியின் அறையில்தான் இருந்தது. பூத்தில் ஏறுமுன் சட்டைப்பையைத் தடவி, சொந்தக் காசைப் பத்து ரூபாய் விடாமல் வாங்கி வைத்துக்கொள்வார்கள். வசூல் பணத்தோடு கலந்துவிடக் கூடாதாம்.

அன்று காலை வேலைக்கு வந்த அரைமணியில், அவன் அம்மா பழனாத்தாள் போய்விட்டாள் என்று செய்தி வந்தது. இரண்டு மணிக்கு மாற்று ஆள் வராமல் எழக்கூடாது என்றாள் நிமி. அவளும் பொல்லாதவள் இல்லை. அவளுக்கு மேலேயும் ஓர் ஆள் இருந்தான். கந்தப்பன் அழுதுகொண்டே சில்லறை கொடுத்தான்.

ஒரு மணிக்குத் தாய்மாமன் நாச்சிமுத்துவின் வேன் அவன் வரிசையிலேயே வந்து நின்றது. மடியில் உடன்பிறந்தவள்மேல் போர்த்தக் கோடிச் சேலை. பிறந்த வீட்டுக் கோடி விழுந்த பிறகுதான் பழனாத்தாளைத் தூக்க வேண்டும்.

வேனின் ஃபாஸ்டேக்கில் பணமில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது.

"ரெட்டைப் பணங் கட்டோணுங்க மாமா."

"நம்ம கேட்டுன்னு சொன்னயேடா!"

கந்தப்பன் நிமியின் அறைக் கண்ணாடியைப் பார்த்துக் கும்பிட்டான். அவள் தலையசைத்து மறுத்தாள். பின்னால் ஹாரன்கள் அலறின. லாரிக்காரன் ஒருவன் சிரித்தான்.

"இப்பக் கட்டிருங்க மாமா. ஊட்டுக்கு வந்து தந்தர்றனுங்க."

"பொறந்தவளுக்குக் கோடி கொண்டுட்டுப் போறவன் தண்டங் கட்டிட்டுப் போவனாடா?" வேனைத் திருப்பச் சொன்னார் நாச்சிமுத்து.

"அந்தச் சேலையையாவது குடுத்துட்டுப் போங்க மாமா!"

"கோடியப் பொறந்தவந்தான் போடோணும். கேட்டுக்காரன் போடறதில்ல."

வேன் பின்னால் நகர்ந்து போய்விட்டது.

இரண்டரைக்குக் கந்தப்பன் வீடு சேர்ந்தபோது, எல்லோரும் அவனைத் தாண்டிச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனைவி கோமதி ஓடிவந்தாள்.

"ஏனுங்க, மாமனை இன்னுங் காணமே. உங்க கேட்டைத் தாண்டித்தானுங்களே வரோணும். பாத்தீங்களா?"

"பாக்கலை" என்றான் கந்தப்பன்.

மூன்று மணிக்குக் கோடியில்லாமலே பழனாத்தாளைத் தூக்கினார்கள்.